மாவுப் பெட்டியில் யாரும் இல்லை

தைசியா மர்க்கோவ்னாவுக்கு முப்பத்தைந்து வயது கடந்த பிறகும் எங்கள் லுகோவ்ஸ்க் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவள் ஒரு முயல்தான். குள்ளமான உருவம், சன்னமான குரல், ஓட்டமும் நடையுமாகப் போகிற கால்கள். சிறுவர் நாடக அரங்கில் பையன் வேடங்களைப் பெண்கள்தான் கட்டுவார்கள். நிஜப் பையன்களை நம்பி நாடகம் போட முடியுமா? ஒருத்தனுக்குக் குரல் உடைந்துவிடும், இன்னொருத்தன் பனியில் சறுக்கப் போய்க் காலை உடைத்துக்கொள்வான். அதனால் புகைபோக்கி துடைக்கும் பையன், முரசு அடிக்கும் பையன், மேய்ச்சல்காரப் பையன் எல்லாம் தைசியாதான். முயல் வேடம் என்றால் கேட்கவே வேண்டாம். தெருவில் அவளைக் கண்டால் பிள்ளைகள், "டேய், முயல் போகுதுடா!" என்று கத்துவார்கள். அவளும் நின்று மூக்கைச் சுருக்கி ஆட்டிக் காட்டிவிட்டுத்தான் போவாள்.

பிறகு மேடைக்கு முன்னால் வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளத்தில் விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டாள். குதிக்க முடியாத முயலுக்கு அரங்கில் என்ன வேலை? டிக்கெட் கொடுக்கும் கூண்டில் உட்காரச் சொன்னார்கள். கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போனவள் ஒரு நாடகத்தோடு திரும்பி வந்தாள். தபாலில் வருகிற நாடகங்களில் பிள்ளைகள் எல்லாம் கூட்டுறவுக் கடை அறிவிப்புப் பலகை மாதிரிப் பேசுகிறார்கள், அதைவிட மோசமாக என்னால் எழுத முடியாது என்றாள். அது நன்றாக ஓடியது. அடுத்ததும் ஓடியது. நாடகாசிரியை ஆனது அப்படித்தான்.

வயதான காலத்தில் தன் வாழ்க்கையைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினாள். மேடைச் சாயத்தின் வாசனை, சுற்றுப்பயணத்தில் பனியில் மாட்டிக்கொண்ட ரயில், முயல் காதுகளை எலி கடித்த கதை எல்லாம் அதில் உண்டு. படித்தால் சிரித்து மாளாது. ஆனால் அவள் எழுதியதிலேயே மிகப் பெரிய வெற்றி பெற்ற நாடகத்தைப் பற்றி அதில் ஒரே ஒரு வரிதான்: "பார்வையிட்ட குழுவின் யோசனைப்படி இந்த நாடகம் திருத்தி எழுதப்பட்டது." அவ்வளவுதான். அந்த வரிக்குப் பின்னால் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம், இலையெல்லாம் உதிர்ந்து முடிந்த சமயம். ரயில் பெட்டி உதவியாளர் ஒருவர் ஆறு வயதுப் பெண் பிள்ளை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு தைசியாவின் கதவைத் தட்டினார்.

"லெனின்கிராத்ல உங்க அக்கா வீட்டுக்கு எதிர்வீட்டம்மா அனுப்பினாங்க. அக்காவும் வீட்டுல இல்ல, அவங்க வீட்டுக்காரரும் இல்ல. இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது. கேக்காதீங்க."

"உள்ள வாங்க, ஒரு டீயாவது..."

"வேணாம்மா. நான் இங்க வரவே இல்ல."

எங்கள் பக்கத்தில் ஒருத்தர் உறைபனியில் வந்துவிட்டு டீ குடிக்காமல் போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை. தைசியா அந்தப் பிள்ளையைப் பார்த்தபடி நின்றாள். அக்கா லீதாவின் மகள் முஸ்யா. கன்னத்தில் வண்டிக் கரி. கையில் ஒரு பொம்மைகூடக் கிடையாது.

இப்படித் தாய் தகப்பனை எதிரிகள் என்று ராத்திரியோடு ராத்திரியாகப் போலீஸ் பிடித்துக்கொண்டு போன வீட்டுப் பிள்ளைகளை எங்கே வைக்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும், யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். தூரத்தில் எங்கோ ஒரு அனாதை விடுதி. அங்கே பெயரையும் மாற்றிவிடுவார்கள். அப்புறம் தேடினாலும் கிடைக்காது. தைசியாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை இல்லை. அன்றைக்கு அந்தக் கரி படிந்த கன்னத்தைத் துடைத்துவிட்டபோதே, இவளை யாருக்கும் தர மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டாள். முடிவு செய்வது சுலபம்.

ஊருக்கு ஒரு கதை வேண்டியிருந்தது. கதை கட்டுவதுதான் அவள் பிழைப்பு. முஸ்யா அவள் பெற்ற பிள்ளை, இத்தனை நாள் கணவனின் கிராமத்தில் வளர்ந்தாள். கணவன்? வட துருவத்துப் பக்கம் ஒரு பனி நிலையத்தில் வயர்லெஸ் வேலை. விடுமுறைக்கு வரமாட்டான், யாரும் போய் விசாரிக்கவும் முடியாது. அரங்கத்துக்காரர்கள் வருஷத்தில் பாதி நாள் சுற்றுப்பயணத்தில் இருப்பவர்கள் என்பதால், எப்போது கல்யாணம் செய்துகொண்டாய், எப்போது பெற்றாய் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. பிள்ளையின் பத்திரங்கள் கிராமத்திலிருந்து வரவேண்டும் என்று கட்டட நிர்வாகியிடம் சொல்லி வைத்தாள். வரட்டும் என்றார். அவரை மாடிப்படியில் கண்டால், எதையோ கீழே போட்டுவிட்டவள் போலக் குனிந்து தேடுவாள்.

முஸ்யாவிடம் இப்படிச் சொன்னாள்:

"கண்ணு, இது ஒரு நாடகம். நீ என் மக. நான் உன் அம்மா."

"எத்தனை நாள் ஓடும் சித்தி?"

"தெரியாது. சித்தின்னு சொல்லக் கூடாது."

"இடைவேளை உண்டா?"

"கிடையாது."

"தூங்கும்போது?"

"அப்பவும் நீ என் மகதான்."

முஸ்யா கொஞ்சம் யோசித்தாள். "சரிம்மா" என்றாள். அதற்குப் பிறகு ஒரு முறைகூடத் தவறவில்லை. தைசியா எத்தனையோ நடிகைகளைப் பார்த்தவள். இவ்வளவு சுத்தமாக வேடத்துக்குள் போனவர்களைப் பார்த்ததில்லை. அது அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது, வேதனையாகவும் இருந்தது.

அந்த வீட்டில் ஐந்து குடும்பத்துக்கு ஒரே சமையலறை. அங்கே ரொட்டிக் கடையில் வேலை பார்க்கும் கிளாஃபிரா என்று ஒருத்தி. தன் பானையில் முட்டைக்கோஸ் சூப் கொதிக்கும்போதும் அவள் மூக்கு அடுத்தவர் பானையில்தான் இருக்கும்.

"ஏம்மா தைசியா மர்க்கோவ்னா, உன் பொண்ணு மூக்கு உன் மூக்கு மாதிரி இல்லையே?"

"அவ அப்பா மூக்கு."

"உன் வீட்டுக்காரனை நாங்க கண்ணால பாத்ததே இல்லையே."

"நானே எப்பவாவதுதான் பாக்குறேன். நீ எங்க பாக்கப் போற?"

கிளாஃபிரா கரண்டியும் கையுமாகச் சிரித்தாள். "பனிக்குள்ள இருக்கிற புருஷன் நல்லதுதாண்டி. குடிச்சிட்டு வந்து வாசப்படில விழ மாட்டான். ஏம் பாப்பா, உங்கப்பா அங்க என்ன பண்றாரு?"

"டக் டக்குனு சேதி அனுப்புவாரு" என்றாள் முஸ்யா. "ஒரு வெள்ளைக் கரடி தினமும் வந்து ஜன்னல்ல எட்டிப் பாக்கும். அப்பா அதுக்கு ரொட்டி போடுவாரு. அதுக்கு ஒரு காது கிடையாது."

தைசியா எழுதிக் கொடுத்த வசனத்தில் கரடி கிடையாது. நல்ல நடிகைகளிடம் இதுதான் தொல்லை. வசனத்தோடு நிற்க மாட்டார்கள். அன்றையிலிருந்து அந்த ஒற்றைக்காதுக் கரடியையும் தைசியா நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அடுத்த வாரம் கரடிக்கு ஒரு குட்டி பிறந்தது. சமையலறையில் எல்லோரும் ரசித்துக் கேட்டார்கள். தைசியா சூப்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள்.

அந்தக் குளிர்காலத்தில்தான் அவள் புது நாடகத்தை எழுதினாள். வேண்டுமென்று எழுதவில்லை. உட்கார்ந்தாள், கை எழுதிற்று. காட்டில் ஒரு கரடியம்மா. துரத்தப்பட்டு ஓடி வருகிற ஒரு முயலை மாவுப் பெட்டிக்குள் ஒளித்து வைக்கிறாள். ஓநாய் வந்து கதவைத் தட்டுகிறது. கரடியம்மா வாயைத் திறக்கவில்லை. உடனே ஓநாய் மேடை விளிம்புக்கு வந்து, பார்க்கிற பிள்ளைகளையே கேட்கிறது: "பிள்ளைங்களா, ஒரு முயல் இங்க வந்துச்சா?"

எங்கள் வழக்கப்படி நாடகாசிரியர்தான் தன் நாடகத்தை மொத்தக் குழுவுக்கும் முதலில் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். தைசியா படிப்பது என்றால் தச்சர்கள்கூட உளியைக் கீழே போட்டுவிட்டு வந்து நிற்பார்கள். எல்லாக் குரலும் அவளே பேசுவாள். அன்றைக்கும் படித்தாள். முடித்தாள். யாரும் கை தட்டவில்லை.

இயக்குநர் ஓசிப் வெனியமீனிச் குர்லாந்த் ஒரு காலத்தில் பறக்கும் கம்பளத்தை நிஜமாகவே பறக்க வைத்தவர். அப்போதெல்லாம் அவர் பக்கத்தில் போனால் சுருட்டு வாசனை. இப்போது நரம்புத் தளர்ச்சி மருந்தின் வாசனை. அவர் மெல்லக் கேட்டார்:

"முயல் என்ன தப்புப் பண்ணிச்சு?"

"ஒண்ணும் பண்ணல."

"ஒண்ணும் பண்ணாம எதுக்குத் தேடுறாங்க?"

அறையில் இருந்த எல்லோரும் தங்கள் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்கள். தைசியாவுக்கு அப்போதுதான் தான் என்ன எழுதி வைத்திருக்கிறோம் என்று உறைத்தது.

"அது ஓநாய், ஓசிப் வெனியமீனிச்" என்றாள். "ஓநாய்க்குக் காரணம் வேணுமா?"

ஓநாய் வேடம் கட்டப்போகிற நெஃபெத் ஒரு சிரிப்பை வெளியே விட்டு, பாதியில் அதை இருமலாக்கிக்கொண்டான். குர்லாந்த் நெற்றியைத் துடைத்தார். "சரி. போடுவோம். ஆனா ஓநாய்க்கு வாலை நல்லாப் பெருசா வைங்க. ரொம்பப் பெருசா. கடைசி வரிசையில இருந்து பாத்தாலும் அது ஓநாய்தான், வேற யாரும் இல்லேன்னு தெரியணும்."

தைசியாவின் தெம்பு எல்லாம் ஒரே ஒரு விஷயத்தில் இருந்தது. ஓநாய் கேட்கும்போது பிள்ளைகள் பொய் சொல்வார்கள். முயலாக எத்தனை வருஷம் பெட்டிக்குள்ளும் கட்டிலடியிலும் ஒளிந்திருக்கிறாள்! ஒரு பிள்ளைகூடக் காட்டிக் கொடுத்ததில்லை. ஆற்றுப் பக்கம் என்பார்கள், வானத்தில் பறந்துவிட்டது என்பார்கள். அப்படிப் பொய் சொல்லும்போது அவர்களுக்கு வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகத்தான் இந்தத் தொழிலே. பாலர் பள்ளிக் குழந்தைகளைக் கூட்டி வந்து ஒத்திகை காட்டினார்கள். "மாஸ்கோவுக்குப் போயிருச்சு!" என்று ஒரு வாண்டு கத்தியது. ஓநாய் தலையைச் சொறிந்துகொண்டு போயிற்று. குர்லாந்த்கூட அன்றைக்கு மருந்தை மறந்தார்.

பிப்ரவரியில் குழு பார்வையிட வந்தது. குழு பார்த்து ஒப்புக்கொள்ளாமல் எந்த நாடகமும் சனங்கள் கண்ணில் படாது. குழுவுக்குத் தலைவர் தோழர் ஸாப்லின். முன்பு ஏதோ குதிரைப் பண்ணையில் இருந்தவராம். பருத்த உடம்பு, சாந்தமான பேச்சு, ஜேப்பில் எப்போதும் சர்க்கரைக் கட்டி. அதட்டுகிறவர்களிடம்கூடப் பேசிச் சமாளிக்கலாம். இந்தச் சாந்தமான ஆட்களிடம்தான் பயம் அதிகம்.

பார்க்க வந்த பிள்ளைகள் பள்ளிக்கூடத்து மாணவர்கள். கழுத்தில் சிவப்புத் துணி முடிச்சு, முதுகு நேராக, கை மடிமேல். அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடங்களில் நாட்டுக்குள் ஒளிந்திருக்கும் எதிரிகளைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பாடம் நடத்தியிருந்தார்கள். இதைத் தைசியா கேள்விப்படாமல் இல்லை. அதையும் தன் நாடகத்தையும் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை. மேடைக்காரர்களுக்கு உள்ள புத்தி அது. திரை தூக்கினால் வெளியுலகம் வாசலோடு நின்றுவிடும் என்று ஒரு நம்பிக்கை.

முஸ்யாவும் அங்கே இருந்தாள். பாலர் பள்ளியில் செங்காய்ச்சல் பரவி இழுத்து மூடிவிட்டார்கள், வீட்டில் விட ஆள் இல்லை. கடைசி வரிசையில் தன் பக்கத்திலேயே உட்கார வைத்து, "எடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது" என்று தைசியா சொல்லியிருந்தாள்.

நாடகம் நன்றாகத்தான் போயிற்று. முயலாக நடித்த ஷூரா பெட்டிக்குள் குதித்து மூடியைச் சாத்திக்கொண்டாள். பெரிய வாலை இழுத்துக்கொண்டு நெஃபெத் முன்னால் வந்தான்.

"பிள்ளைங்களா, ஒரு முயல் இங்க வந்துச்சா?"

அரங்கத்தில் சத்தமே இல்லை. தைசியா காத்திருந்தாள். இந்த மௌனம் அவளுக்குப் புதிது. மூன்றாவது வரிசையில் கண்ணாடி போட்ட பையன் ஒருவன், வகுப்பில் தூக்குவது போலக் கையைத் தூக்கி, எழுந்து நின்றான்.

"தோழர் ஓநாய் அவர்களே, முயல் மாவுப் பெட்டில இருக்கு."

நெஃபெத் பாவம், நல்லவன். காதில் விழாதது போலக் கையைக் காதுமேல் வைத்துக்கொண்டான். "என்னது? ஆத்துப் பக்கம் போச்சா?"

"இல்ல! பெட்டில!" இப்போது பத்துப் பதினைந்து பிள்ளைகள். பிறகு அரங்கமே எழுந்துவிட்டது. எல்லாக் கைகளும் ஒரே பக்கம் நீண்டன. "பெட்டில! மாவுப் பெட்டில!" நெஃபெத் மேசைக்கு அடியில் தேடினான், அடுப்புக்குப் பின்னால் தேடினான், பெட்டியைத் தவிர எல்லா இடமும் தேடினான். ஓநாயின் மடத்தனம் பிள்ளைகளுக்குப் பொறுக்கவில்லை. சிலர் மேடைக்கே ஓடி வந்து, "இதோ, இங்க!" என்று பெட்டியைத் தட்டிக் காட்டினார்கள். உள்ளே ஷூராவுக்கு அடுத்த வசனமே கிடையாது. பிள்ளைகள் காட்டிக் கொடுத்தால் என்ன செய்வது என்று தைசியா எழுதி வைக்கவே இல்லையே.

தைசியாவுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு பக்கத்தில் திரும்பினாள். இருக்கை காலி.

முஸ்யா நடுவழியில் ஓடிக்கொண்டிருந்தாள். கூவிக் கூப்பிடவும் முடியாமல், உடைந்த முழங்காலோடு ஓடவும் முடியாமல் தைசியா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். முஸ்யா மேடையில் ஏறினாள், பிள்ளைகளை விலக்கினாள், பெட்டி மூடிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"இது எங்க அம்மா பெட்டி. உள்ள யாரும் இல்ல. மாவுதான் இருக்கு."

"பொய் சொல்றா!" என்றான் கண்ணாடிக்காரன். "நாங்க எல்லாரும் பாத்தோம்."

"நான் காலைல இருந்து இங்கதான் இருக்கேன். யாரும் வரல" என்றாள் முஸ்யா. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

குர்லாந்த் திரையை இறக்கச் சொன்னார்.

அரை மணி கழித்து குர்லாந்தின் அறையில் டீயும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு பேச உட்கார்ந்தார்கள். ஸாப்லினுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

"பிள்ளைங்களைப் பாத்தீங்களா? என்ன விழிப்பு! ஒருத்தன் ஏமாறல. ஆனா உங்க நாடகம், கோவிச்சுக்காதீங்க, பிள்ளைங்களுக்குப் பின்தங்கி நிக்குது." அப்படிச் சொல்லிவிட்டு, கதவோரம் தைசியாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்ற முஸ்யாவைக் கை காட்டிக் கூப்பிட்டார். "இங்க வா பாப்பா. நீ யார் வீட்டுப் பொண்ணு?"

"நான் தைசியா மர்க்கோவ்னாவோட மக."

"ஓ, எழுத்தாளரோட மகளா! அதான் கூசாம பொய் சொல்ற. பொய் சொல்ல யாரு சொல்லிக் குடுத்தாங்க?" சிரித்துக்கொண்டே ஒரு சர்க்கரைக் கட்டியை நீட்டினார். "அப்பா எங்க?"

"வடக்க. பனில. வயர்லெஸ் வேல."

ஸாப்லின் முகம் விளக்குப் போட்டது போல மலர்ந்தது. தைசியா கட்டிய கதையில் எங்கே ஓட்டை இருந்தது என்று அந்த நொடியில் அவளுக்குத் தெரிந்துபோயிற்று. பனிக்கடல் தூரமாக இருக்கிறது, யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தாள். அந்த வருஷம் நாடே பனிக்கடல் பைத்தியம் பிடித்து அலைந்தது. பத்திரிகையைத் திறந்தால் பனி நிலையம், ரேடியோவைத் திருகினால் பனி நிலையம். சொந்தத் தெருவின் பெயர் தெரியாதவனுக்குக்கூட அந்த நிலையங்களின் பெயர் தெரியும்.

"எந்த நிலையம் கண்ணு? எங்க வீட்டுச் சுவத்துல பெரிய வரைபடம் மாட்டியிருக்கேன். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு கொடி. அங்க இருக்கிற அத்தனை பேர் பேரும் எனக்கு மனப்பாடம். உங்கப்பா பேரைச் சொல்லு."

முஸ்யா தைசியாவை அண்ணாந்து பார்த்தாள். வசனம் மறந்த நடிகை, மறைவிலிருந்து அதை எடுத்துக் கொடுக்கும் குரல் வருமா என்று பார்க்கிற பார்வை அது.

"அங்க ஒரு வெள்ளைக் கரடி இருக்கு. அதுக்கு ஒரு காது..."

"கரடி எல்லா இடத்துலயும்தான் இருக்கு." ஸாப்லின் குனிந்தார். "பேரு?"

"அது முயலே இல்ல!" என்று கத்தினாள் தைசியா.

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். குர்லாந்தின் கையிலிருந்த டீ தட்டில் சிந்தியது.

"தோழர் ஸாப்லின், நீங்க சொன்னது சரி. பிள்ளைங்கதான் சரி, நான்தான் தப்பு. பெட்டிக்குள்ள இருக்கிறது முயலே இல்ல. முயல் தோலப் போத்திக்கிட்ட நரி. உளவு பாக்க எல்லையத் தாண்டி வந்த நரி!" அவளுக்கே அடுத்த வாக்கியம் என்னவென்று தெரியவில்லை. வாயைத் திறந்தால் அது வந்தது. "கரடியம்மா ஏமாந்தவ. நல்லவ, ஆனா விவரம் பத்தாது. வர்றது ஓநாய் இல்ல, காவல் நாய். காவல் நாய் பிள்ளைங்களக் கேக்குது..."

ஸாப்லின் முஸ்யாவை விட்டுவிட்டு நாற்காலியையே தைசியா பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். தைசியா அறையின் நடுவுக்கு வந்தாள். நரியாக நொண்டினாள், கரடியாக முனகினாள், காவல் நாயாக மோப்பம் பிடித்தாள். முயலாகக் குதித்துக் காட்டினாள். முழங்காலுக்குள் ஏதோ கிழிந்தது போல வலித்தது. நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவர் மறுபடியும் பெயர் கேட்பார். கதவோரம் முஸ்யா சர்க்கரைக் கட்டியை வாயில் போடாமல் கையில் வைத்தபடி நின்றாள்.

"பிள்ளைங்க எல்லாரும் கையக் காட்டுறாங்க. பெட்டிய உடைக்கிறாங்க. நரியோட தோல உரிக்கிறாங்க. பாட்டு. திரை."

ஸாப்லின் எழுந்து நின்று கை தட்டினார். "இதுதான் நாடகம்! இதைத்தான் நாங்க தேடிக்கிட்டிருந்தோம்." தொப்பியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி, "எந்தக் கொடி உங்க வீட்டுக்காரரோடதுன்னு சொல்றது பாக்கி இருக்கு, மறந்துடாதீங்க" என்று விரலை ஆட்டினார். போய்விட்டார்.

குர்லாந்த் தட்டில் சிந்திய டீயைத் துடைத்தார். பிறகு, "முயல் என்ன தப்புப் பண்ணிச்சுன்னு இப்ப யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். அவர் குத்திக் காட்டினாரா, ஆறுதல் சொன்னாரா என்று தைசியாவுக்குப் புரியவில்லை.

திருத்திய நாடகத்தை அவள் பகலில், சமையலறையில் எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து எழுதினாள். ஒளிக்க இனி அதில் ஒன்றும் இல்லை. ஷூரா மட்டும் ஒத்திகையில் அழுதாள். "உங்களுக்கு அடுத்து நான்தான் இந்த அரங்குக்கு முயல். என்னைப் போய் நரியாக்கிட்டீங்களே, தைசியா மர்க்கோவ்னா." நெஃபெத்துக்கு வாலை வெட்டிச் சின்னதாக்கினார்கள். ஸாப்லினுக்கு என்ன நிலையம் சொல்வது என்று தைசியா பத்திரிகைகளைப் புரட்டிப் புரட்டித் தேடினாள். எந்தப் பெயரைச் சொன்னாலும் அங்கே இருப்பவர்களை அவருக்குத் தெரிந்திருக்கும். அரங்க வாசலில் அவருடைய குண்டு உருவத்தைக் கண்டாலே சாமான் அறைக்குள் போய் நின்றுகொள்வாள்.

முஸ்யாவுக்கும் புது வசனம் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது.

"மேடைக்கு ஓடக் கூடாது. எல்லாரும் என்ன பண்றாங்களோ அதைத்தான் நீயும் பண்ணணும்."

"அவங்க கையக் காட்டுவாங்களே."

"நீயும் காட்டு."

"ஷூரா அக்கா பாவம் இல்லையா?"

"அது ஷூரா இல்ல. நரி."

முஸ்யா அவள் முகத்தையே பார்த்தாள். "சரிம்மா" என்றாள்.

மார்ச் மாதம் என்று பெயர்தான், மூச்சு விட்டால் உறைகிற குளிர். ஞாயிற்றுக்கிழமை மதியம் முதல் காட்சி. அரங்கம் நிரம்பி, படிகளிலும் ஆட்கள். கிளாஃபிரா இலவச டிக்கெட்டில் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். காவல் நாய் முன்னால் வந்து கேட்டதும் இடி இடித்தது போல ஒரு கூச்சல். எல்லாக் கைகளும் நீண்டன. தைசியா மேடையைப் பார்க்கவில்லை. முன்னால் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த முஸ்யாவைத்தான் பார்த்தாள். முஸ்யா நாற்காலிமேல் ஏறி நின்று, கையை முழுக்க நீட்டி, எல்லோரையும்விட உரக்கக் கத்திக்கொண்டிருந்தாள். கத்திக்கொண்டே திரும்பி, சரியாகச் செய்கிறேனா என்று தைசியாவைப் பார்த்தாள். தைசியா தலையை ஆட்டினாள்.

அந்த நாடகம் பிறகு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ வருஷம் ஓடியது. அன்றைக்குப் பூங்கொத்து கொடுத்தார்கள். குர்லாந்த் கையை முத்தமிட்டார். ஸாப்லின் வரவில்லை. அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்றார்கள், மாற்றலா வேறு ஏதாவதா என்று யாரும் கேட்கவில்லை. தைசியாவுக்கு முதல் தடவையாக நிம்மதியாக மூச்சு வந்தது. இனி யாரும் எந்தக் கொடி என்று கேட்க மாட்டார்கள். முஸ்யா தன்னிடமே இருப்பாள்.

கோட்டு மாட்டுகிற கூடத்தில் ஒரே நெரிசல். அம்மாக்கள் குனிந்து பிள்ளைகளுக்கு பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார்கள். தைசியாவும் முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்து முஸ்யாவின் காலைக் கம்பளி பூட்ஸுக்குள் நுழைத்தாள்.

"நான் சரியாப் பண்ணினேனாம்மா?"

"சரியாத்தான் பண்ணின."

"கைய நல்லா நீட்டினேன்."

"பாத்தேன் கண்ணு."

முஸ்யா அடுத்த காலை நீட்டினாள். ஏதோ யோசித்துக்கொண்டிருந்தாள். பிறகு, இத்தனை மாதமும் ஒரு தடவைகூடத் தவறாதவள், மேடையில் பேசுகிற மாதிரித் தெளிவான குரலில் கேட்டாள்:

"அப்போ லெனின்கிராத்ல லீதா அம்மாவுக்கு யாரு கையக் காட்டினாங்க? குழந்தைங்களா?"

தைசியாவின் கை முஸ்யாவின் கழுத்துத் துணியைத் தேடி எடுத்தது. வாய்க்கு மேலாக ஒரு சுற்றுச் சுற்றினாள். இன்னொரு சுற்று. அந்தக் குளிரில் எல்லா அம்மாக்களும் அப்படித்தான் கட்டுவார்கள், சுற்றியிருந்த அத்தனை பிள்ளைகளின் வாயும் அப்படித்தான் மூடியிருந்தது. நிமிர்ந்தபோது எதிரே கிளாஃபிரா, பாதி பொத்தான் போட்ட கோட்டோடு, முஸ்யாவையே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

கிளாஃபிரா ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் வந்து குனிந்தாள். முடிச்சு விழாமல் தைசியாவின் கையிலிருந்து நழுவிய துணியின் நுனியைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டும்மா" என்றாள் மெதுவாக. "வெளிய ரொம்பக் குளிர்."

இரண்டு பேரும் சேர்ந்து பிள்ளையின் பிடரியில் முடிச்சைப் போட்டார்கள்.